மீசையில் ஒட்டியது

இந்த ஊரில் பணத்துக்கு லாரி என்று பெயர்.
எங்கள் படத்துக்குக் கிடைத்தது
ஒரு தள்ளுவண்டி.

குட்டாய்சியில் எனக்கு மருத்துவம் மூன்றாம் ஆண்டு,
மருந்தியலில் ஒரு அரியர்.
பேக்கரி வரிசையில் என் உயரத்தை அளந்த எலிசோ
எத்தனை நிமிடம் கையைத் தூக்கியே வைத்திருப்பாய்
என்று கேட்டாள்.
மறுநாள் ஒரு கம்பைத் தந்தாள்.
ஜன்னல் துடைக்கிற கம்பு,
அதன் நுனியில் வாடகை மைக்.

இன்னொரு தகுதியும் இருந்ததாம் எனக்கு:
அவர்கள் மொழி அரைகுறை.
முன்பு கம்பு பிடித்தவன்
வசனத்துக்கு வசனம் சிரித்துத் தொலைத்தான்.
புரியாதவன் சிரிக்க மாட்டான் அல்லவா.

பிரிட்ஜை விற்று எலிசோ விளக்கு வாங்கிய மாதம்
சீஸைத் துணியில் முடிந்து
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டோம்.
டிசம்பர் கெடாமல் பார்த்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு நாய்
"ஆக்‌ஷன்" என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு
சரியாக அப்போது குரைத்தது.
அதன் வாயை அடைக்கத் தினம் ஒரு ரொட்டி.
ஜெமாலுக்கு அதுவும் இல்லை.

ஜெமால்தான் நாயகன்.
பதினோராம் எண் மினிபஸ் ஓட்டுகிறவர்.
கடைசி ட்ரிப்பில் பயணிகளை இறக்கிவிட்டு
அதே சூட்டோடு கேமராவை ஏற்றுவார்.
நடிக்கத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை,
அந்த மீசையைப் பார்த்த பிறகு.

பதினெட்டாம் நாள்
மீசை இல்லாமல் வந்து நின்றார்.
போலந்தில் கிடங்கு வேலை. வெள்ளி விடிகாலை விமானம்.
இளமையாகத் தெரிய வேண்டும் என்று
ஏஜென்ட் சொன்னானாம், பாஸ்போர்ட் படத்துக்கு.
மிச்சம் ஏழு காட்சி, மூன்று இரவு.

எலிசோ படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.
யாரும் பேசவில்லை. எனக்கோ வாய் சும்மா இல்லை.
எங்கள் ஊரில் சொல்வோம், என்றேன்,
குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று.
கேமரா கோச்சா என்னைப் பார்த்தான், ஜெமாலைப் பார்த்தான்.
"ஒட்ட மீசை எங்கே?"
அந்த மொழியில் நான் சிரிக்கவைத்த முதல் தடவை அது.

லமாரா மட்டும் சிரிக்கவில்லை.
மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்கிறவள்.
கத்திரிக்கோலோடு என் பின்னால் வந்து நின்றாள்.

கறுப்பு அதிகம் என்று கோதுமை மாவு தூவினாள்.
விளக்குச் சூட்டில் வலது முனை பிரிந்துகொண்டே இருக்க
ஜெமால் இடது வாயால் மட்டும் பேசப் பழகினார்.
"எவ்வளவு அடக்கமான நடிப்பு" என்றார் பிறகு ஒருவர்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கடைசிக் காட்சி ரியோனிப் பாலத்தில்.
விளக்குக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது.
மினிபஸ்ஸைத் திருப்பி நிறுத்தி
அதன் முகப்பு வெளிச்சத்தில் எடுத்தோம்.
உள்ளே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஜெமாலின் மனைவி மனானா.

ஹெட்போனில் எஞ்சின் உறுமல்.
அதற்கு அடியில்
யாரோ மூக்கை உறிஞ்சுவது.

வேண்டாத சத்தம் கேட்டால்
கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள் எலிசோ.
என் கை ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

அப்படியே இருக்கிறது அந்தச் சத்தம் படத்தில்.
ஆறு என்று நினைக்கிறார்கள்.

விமான நிலையத்தில் அதிகாரி
படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம்.
ஜெமால் அங்கேயே மீசையை உரித்து
பாஸ்போர்ட் உறைக்குள் செருகிக்கொண்டாராம்.

பள்ளி ஜிம்மில் திரையிட்டோம். நாற்பத்தொரு பேர்,
அதில் ஒன்பது பேர் கூடைப்பந்து ஆட வந்தவர்கள்.
கடைசியில் ஓடிய பெயர்களில் என்னுடையது
இரண்டு எழுத்து குறைந்து வேறு யாரோ ஆகியிருந்தது.
ஜெமால் பெயருக்கு நேரே எலிசோவின் நோட்டில்
ஒரு தொகை இன்னும் நிற்கிறது.

அரியரை முடித்துவிட்டேன்.
முடி வளர்ந்துவிட்டது,
பின்மண்டையில் அந்த இடம் மட்டும்
எப்படிச் சீவினாலும்
எதிர்ப்பக்கம் சாய்கிறது.